பழைய பிளாஸ்டிக்கை அளந்த கேப்டன்

கேப்டன் தயாளன் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர், குரோம்பேட்டையில் பிளாஸ்டிக் பட்டறை வைத்திருக்கும் நசீர் பாய். "பட்டறைக்கு வரேன்னாரு, வரல. வூட்டாண்ட போய்ப் பாத்தேன். சார் போய்ட்டாரு" என்றார். சேலையூர் வீட்டில் அவரோடு வேறு யாரும் இல்லை. வெளிநாட்டிலிருந்து மகள் வந்து சேரும்வரை நாங்கள் சிலர்தான் வாசலில் நின்றோம்.

இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரை விமானப் பயிற்சி ஆசிரியராக அறிந்தவர்கள். நான் அறிந்தது ஓய்வுக்குப் பிந்தைய தயாளனை. கூடுவாஞ்சேரிக்கு அப்பால், வீட்டு மனைகளுக்கு நடுவே ஒரு வாடகைக் கொட்டகையில், இறக்கைகளைக் கழற்றிவைத்த பழைய சிறு விமானம் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போனவன், செய்தி வெளியான பிறகும் போய்க்கொண்டிருந்தேன். என்னை வலது இருக்கையில் உட்காரவைத்து, இடது இருக்கையில் இருந்தபடிதான் பேசுவார். வீட்டுக்கே வருகிறேனே என்று ஒருமுறை சொன்னேன். "வீட்ல நாற்காலி நிறைய இருக்கு, உட்கார ஆளில்ல. இங்க ரெண்டே சீட். நீங்க ஒருத்தர் வந்தா ஹவுஸ்ஃபுல்" என்றார்.

எஞ்சின் வேலை முடிந்திருந்தது. மிச்சம் உள்பக்கம். கதவின் உட்புறப் பலகை, ஜன்னல் ஓரச் சட்டம், இருக்கைக்குப் பின்னால் வரும் மூடி எல்லாம் பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளாகி, தொட்டால் அப்பளமாக நொறுங்கின. புதிதாக வாங்கவும் எங்கும் கிடைக்கவில்லை. விமானி உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. கண் மங்கி வருவது அவருக்கே தெரியும். அதற்குள் ஒரே ஒருமுறை இதைத் தானே ஓட்டிவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவர் சொல்லிக் கேட்டதில்லை.

நொறுங்கியதை ஒட்டிச் சேர்த்து, அதன் மேலேயே அச்சு எடுத்தார். நசீர் பாய் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் படியவைத்துக் கொடுத்தார். புதிய பலகைகளைப் பொருத்திய அன்று நானும் இருந்தேன். ஒன்றும் சேரவில்லை. திருகாணித் துளைகள் தள்ளி நின்றன. ஜன்னலோர இடைவெளியில் விரல் நுழைந்தது.

"நீங்க குடுத்த அச்சுக்கு நூல் பிசகாம பண்ணிக்கீறேன் சார். உங்க பிளேன்தான் வளந்துகீது" என்றார் நசீர் பாய்.

தயாளன் பழைய பலகையையே எடுத்துக் கதவில் வைத்துப் பார்த்தார். அதுவும் சேரவில்லை. இத்தனை வருட வெயிலில் பிளாஸ்டிக் சுருங்கிப்போயிருந்தது. "பிளேன் வளரல பாய். நான் சுருங்கினத அளந்துட்டேன்" என்றார்.

அதன் பிறகு காலண்டர் அட்டைகளை வெட்டி, கதவுச் சட்டத்திலேயே வைத்து அளந்தார். ஆனால் விமானத்துக்குச் சாதாரணத் தகடு ஆகாது. தீப்பற்றினாலும் தானே அணைகிற வகை வேண்டும். கையிலிருந்தது வீணாகிவிட, மறுபடி வெளியூரிலிருந்து வந்துசேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. பரிசோதனையும் முடிந்துவிட்டது. அன்று மாலை தொலைபேசியில், "கண்ணு ஃபெயில்" என்றார். தொடர்ந்து, "நாளைக்கு ஜன்னல் சட்டம் மாட்டணும், பிடிச்சுக்க ஒரு கை வேணும். வரீங்களா?" என்றார். போனேன். சட்டத்தை நான் பிடித்துக்கொள்ள, அவர் திருகாணிகளை முடுக்கினார்.

இறக்கைகளைப் பூட்டி ஓடுபாதைக்குக் கொண்டுபோன அன்று, அவரிடம் பயின்ற சுமதிதான் விமானத்தை ஓட்டினார். புதுப்பித்த விமானத்தை முதல்முறை ஒருவர் மட்டுமே எடுத்துச் செல்வது வழக்கம். தயாளன் ஓடுபாதை ஓரம் நின்றார். என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தபோதே அவருக்கு அது மறைந்துவிட்டிருக்கும். சத்தம் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

சுமதி இறங்கி வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"உள்ள எங்கயாவது கடகடன்னுச்சாம்மா?"

"இல்ல சார். ஒரு சத்தமும் இல்ல. அடுத்த தடவை நீங்களும் வரணும்."

தலையசைத்தார். அந்த அடுத்த தடவை அமையவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியை. தான் போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போய்வந்தவரிடம், மேலே எப்படி இருந்தது என்று அவர் கேட்கவே இல்லை.