பத்துப் பெண் கப்பிகளும் ஒரு நீல ஆணும்

கப்பி மீன் வளர்ப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் அவர் கப்பி வாங்கியவராக இருப்பார், வளர்த்தவராக இருக்க மாட்டார். இரண்டை விட்டால் இருநூறு ஆகும், சரி. அந்த இருநூறும் என்ன நிறத்தில் வரும் என்பதில்தான் தொழிலே இருக்கிறது. மொட்டை மாடியில் பழைய பிரிட்ஜைப் படுக்கப்போட்டுத் தண்ணீர் நிரப்பி, அதற்காக வீட்டில் திட்டு வாங்கும் என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என் கோபம் புரியாது.

நான் கரமனையில், வாடகை வீட்டு மாடியில், சிவப்புக் கண் கப்பி வளர்க்கிறேன். பிளஸ் ஒன்னோடு பள்ளியை விட்டவள். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்கள்.

பெண் எதற்கு?

ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு மாமா வந்தார். ஆண் மீன் மட்டும் போதுமாம். பெண்ணுக்கு வாலில் மட்டும்தானே நிறம், அது எதற்கு என்றார். சிவப்புக் கண் வர வேண்டுமென்றால் அப்பா ஒரு பங்கு, அம்மா ஒரு பங்கு, இரண்டு பேரும் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். மாமா சிரித்தார். "உன் வயசென்ன?" என்று கேட்டார். ஆணை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றார். உள்ளே முப்பது குஞ்சு. எல்லாம் சாம்பல் நிறம், எல்லாம் கறுப்புக் கண். வீட்டில் கிடந்த சாதாப் பெண் மீனோடு விட்டிருக்கிறார். ஏமாற்றிவிட்டேன் என்று தெருவே கேட்கக் கத்தினார். சிவப்பு எங்கேயும் போகவில்லை மாமா, உள்ளே ஒளிந்திருக்கிறது, இந்தக் குஞ்சுகளையே ஒன்றோடு ஒன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று சிவப்புக் கண்ணோடு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். மாமா பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அண்ணாவையும் தங்கையையுமா? அபச்சாரம்! எங்காத்துல அதெல்லாம் நடக்காது, கேட்டியா?"

கழுத்து வலி

கொல்லத்திலிருந்து ஒரு பெரிய வளர்ப்பாளர் போன் செய்தார். பத்து வெர்ஜின் பெண்கள் வேண்டும், மூன்று மாதத்தில் வந்து பார்க்கிறேன், பிடித்திருந்தால் மாதாமாதம் எடுப்பேன் என்றார். இதைக் கேட்டதும் அப்பா கெடு வைத்தார். அப்பாவுக்கு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர் வேலை. கொல்லத்துக்காரர் எடுத்தால் மீன், எடுக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அப்பாவுக்குத் தெரிந்த துணிக்கடையில் சேல்ஸ் கேர்ள். இதுதான் கெடு.

வெர்ஜின் என்றால் சும்மா இல்லை. ஒரு பெண் கப்பி ஒரே ஒரு முறை ஓர் ஆணைப் பார்த்துவிட்டால் போதும். அதன் விந்தை உள்ளேயே சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குட்டி போடும். அதனால் குஞ்சு மூன்று வாரம் ஆவதற்குள் வயிற்றடியில் பெண்ணுக்குரிய மங்கல் புள்ளி தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும். கொசுவுக்குக் கண் பரிசோதனை செய்கிற மாதிரி வேலை. நாலு நாள் குனிந்தே கிடந்தேன். கழுத்து போயிற்று. ஒரு தெர்மோகோல் பெட்டியில் பெண்களைத் தனியாக விட்டு வளர்த்தேன். ஆர்டர்களைப் பாலித்தீன் கவரில் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற பக்கத்து வீட்டு சஜித் உதவி எதுவும் செய்யவில்லை, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கடலை தின்றான்.

"எடீ, இவ்வளவு உத்து புஸ்தகத்தைப் பாத்திருந்தா நீ இப்ப டாக்டராக்கும்."

உயிர் காத்த அம்மா

கொல்லத்துக்காரர் வருவதற்கு முந்தின நாள் காலி மீன் பெட்டி வாங்க விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்து மாடி ஏறினால், பத்துப் பெண்கள் இருந்த பெட்டியில் ஒரு நீல ஆண். கறுப்புக் கண். ராஜா மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறான்.

காலையில் துணி காயப்போட வந்த அம்மா, பக்கத்துத் தொட்டியிலிருந்து துள்ளித் தரையில் விழுந்தவனை எடுத்துப் போட்டிருக்கிறாள். அவன் தொட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது. இரண்டடி! அரை நாள் உள்ளே இருந்திருக்கிறான். அவனுக்கு அரை நிமிடம் போதும். நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. அம்மாவுக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை. நன்றி சொல்வேன் என்று நினைத்திருக்கிறாள்.

"ஏட்டி, உயிரு துடிச்சிக்கிட்டுக் கெடக்கு, ஜாதகம் பாத்தா தண்ணில போட முடியும்?"

கொல்லத்துக்காரர்

சஜித் சொன்ன யோசனை சுருக்கமானது. நீலத்தை எடுத்துவிடு, வாயை மூடு. பார்த்தால் யாருக்கும் தெரியாது, குஞ்சு சாம்பலாக வந்தால் அவர் வீட்டுத் தண்ணீர் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையிலேயே பார்த்தால் தெரியாது. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன், பொய் சொல்லவில்லை.

காலையில் அவர் வந்தார். பெட்டியில் டார்ச் அடித்து அரை மணி நேரம் பார்த்தார். "கலக்கிட்டே மோளே" என்றார். சஜித் எனக்குக் கண் காட்டினான். எனக்கு அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் மாமாவின் முகம் ஞாபகம் வந்தது. ஏமாற்றாதபோதே அவ்வளவு கத்தல் கேட்டவள் நான். ஏமாற்றியும் கேட்க வேண்டுமா? "சேட்டா, இது வெர்ஜின் இல்லை. நேற்று ஒரு நீல ஆண் உள்ளே போய்விட்டது" என்றேன். அவர் டார்ச்சை அணைத்தார். இன்னும் மூன்று மாதத்தில் வேறு தருகிறேன் என்றேன். கொல்லத்திலிருந்து பெட்ரோல் போட்டு வந்தவருக்கு அது காதில் ஏறவில்லை. கொண்டுவந்த பாலித்தீன் கவர்களைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தார்.

"மறைக்காம நேரைச் சொன்னே, சந்தோஷம். ஆனா நேரை நான் தொட்டியில விட்டு வளக்க முடியாதில்லே?"

திங்கட்கிழமை

ஞாயிறு மத்தியானம் அப்பா மாடிக்கு வந்தார். சாதாரணமாக வரவே மாட்டார். நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். மீன் எல்லாவற்றையும் சஜித்துக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவன் ஒரு வாரத்தில் எல்லா நிறத்தையும் ஒரே தொட்டியில் போட்டுக் கலக்கிவிடுவான் என்று தெரியும்.

"அவராக் கண்டுபுடிச்சாரா, நீயாச் சொன்னியா?" என்று அப்பா கேட்டார். நானாகத்தான் சொன்னேன் என்றேன். "அவரு கேட்டாரா?" கேட்கவில்லை. அப்பா பிரிட்ஜ் விளிம்பில் உட்கார்ந்து மீன்களைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"துணிக்கடையில ஒருத்தி இந்தச் சேலை எனக்கு நல்லாருக்கான்னு கேப்பா, நீ இல்லன்னுருவே. எனக்குத்தான் ஏட்டி அவமானம். மீனோடயே கெட."

ஆக, எந்தக் குணம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று இவ்வளவு பாடுபட்டுப் பிரித்துவைக்கிற எனக்கு, என்னைத் துணிக்கடையிலிருந்து காப்பாற்றிய இந்த வாய் அப்பா வழியா அம்மா வழியா என்று மட்டும் தெரியவில்லை, இரண்டு பேருமே தங்களுடையது இல்லை என்கிறார்கள்.