சூத்திரத்துக்கு முன்னால் ஒரு பிள்ளையார் சுழி

இன்று காலை நிரல் எழுதும்போது அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டேன். திரை தானே அதை மூடிவைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. அட, இவ்வளவு மரியாதையா! எனக்குப் புஷ்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் இலங்கையில், பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், புடவைக் கடைக்கு மேலே இருந்த ஃபாரூக் நானாவின் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்த்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்போம். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நானா, நான், கீழேயிருந்து ஏறிவரும் புதுத்துணி வாசம், அவ்வளவுதான். ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து நிறுக்கும் மென்பொருள் செய்துகொடுத்தோம். வெயில் நாளில் கூடையின் எடையை மட்டும் கழிப்பார்கள், மழை நாளில் ஈரத்துக்கும் சேர்த்து. அதனால் அன்றன்றைய சூத்திரத்தை அவர்களே தட்ட ஒரு பெட்டி வைத்தோம். அதைப் படித்து விடை சொல்ல, இணையத்தில் சும்மா கிடைத்த ஒரு லைப்ரரி, அதாவது யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல். அதற்கு மகா கோபம். ஓர் எழுத்து பிசகினாலும் திரையெல்லாம் சிவப்பு, இங்கிலீஷில் வசவு, பிறகு மொத்தமும் படுத்துவிடும்.

முதல் நாளே படுத்தது. நானாவும் நானும் அங்கேதான் நின்றோம். கொழுந்தோடு பெண்கள் மழையில் வரிசையாக நிற்கிறார்கள். தட்டியவள் புஷ்பா, தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து நிறுவை வேலைக்கு வந்த முதல் பெண்.

"மெசின ஒடச்சிட்டா! நாளைக்கு மலைக்கே கொழுந்தெடுக்கப் போகட்டும்," என்று கணக்கப்பிள்ளை கத்தினார்.

"நான் ஒன்னும் பண்ணலைங்க. சொல்லிக்குடுத்த மாதிரிதான் அடிச்சேன்." புஷ்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் திரையை எட்டிப் பார்த்தேன். சூத்திரம் அப்படியே சரி. அதற்கு முன்னால் மட்டும் ஒரு 'உ'. பிள்ளையார் சுழி!

நானா வயிறு குலுங்கச் சிரித்து என்னிடம் சொன்னார். "நானும் எத எழுதினாலும் மேல 786 போடுறவன்தானே. புள்ள மேல குத்தமில்ல தங்கச்சி, மெசினுக்குத்தான் மரியாத தெரியல."

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். சூத்திரம் புரியாவிட்டால் படுக்காதே. எந்த இடம் என்று தமிழில் சொல். அதுவரை பழைய சூத்திரத்திலேயே நிறு. முன்னால் பிள்ளையார் இருந்தால் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போ. புஷ்பா மறுபடி தட்டினாள், சுழியோடுதான். எடை வந்தது. கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி சரி, நிறு," என்றார். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் இன்னும் மிச்சமிருக்கிறது.

புஷ்பா இன்று அங்கே தலைமைக் கிளார்க். போன வாரம் பேசினாள். "இப்ப புது மெசின்க்கா. பெட்டியே இல்ல. மழையா வெயிலான்னு ரெண்டு பட்டன்தான்."

ஆக, நான் எழுதிய அந்த வரியும் போய்விட்டது. "அப்போ பிள்ளையார் சுழி?" என்றேன்.

"அது இல்லாமலா? இருட்டா கெடக்கிற திரை மேல வெரலால போட்டுட்டுத்தான் ஆன் பண்றேன். அதுக்கு எந்த மெசினும் ஒன்னும் சொல்றதில்லக்கா."