ஓட்டு இருந்த ஒரே ஆள்: யாங்கோன் தேநீர்க்கடையில் ஒரு காலை

தேர்தல் பேச்சே காதில் விழாத ஊராகப் பார்த்துத்தான் பர்மிய நகரமான யாங்கோனைத் தேர்ந்தெடுத்தேன். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு அப்போது எட்டு வாரம் இருந்தது. சிகாகோவுக்கு வெளியே நான் குடியிருக்கும் தெருவில் வீட்டுக்கு வீடு புல்தரையில் பலகை நட்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரன் இரண்டு நட்டிருந்தான். என்னோடு திருச்சியில் படித்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் எனக்கு வர வேண்டிய துறைத் தலைவர் பதவியைத் தட்டிப் பறித்தவர், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், என்னிடம் வந்து ஜனநாயகத்தைக் காப்பாற்றக் கையெழுத்துக் கேட்டார். இரண்டு வார விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இன்னொரு காரணமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. முந்தைய தேர்தலின்போது சாப்பாட்டு மேசையில் என் மகள் கயல், நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஒன்று சொன்னாள், பதிலுக்கு நான் இரண்டு சொன்னேன். உள்ளதைச் சொன்னதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் வீட்டிலிருந்து காரில் நாற்பது நிமிடத்தில் இருக்கிறாள். நான்கு ஆண்டுகளாக என்னோடு பேச்சில்லை. இனி ஓட்டே போடுவதில்லை என்று அப்போது முடிவெடுத்தவன் நான்.

இனி பயணத்துக்கு வருகிறேன். மின்னணு விசா ஐம்பது டாலர், மூன்று வேலை நாளில் வந்தது. பாங்காக்கிலிருந்து ஒன்றேகால் மணி நேர விமானம். விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்குப் பதினாறு கிலோமீட்டர்தான், ஆனால் மழையும் நெரிசலுமாக ஒன்றரை மணி நேரம் ஆனது. டாக்சிக்கு இருபத்தைந்தாயிரம் கியாட். லான்மடாவில் ஒரு சின்ன விடுதியில் தங்கினேன். மின்தூக்கி உண்டு, அதற்கு மின்சாரம்தான் இல்லை. ஐந்தாவது மாடிக்கு ஏறும்போதெல்லாம் என் வயதை எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் கியாக்தானுக்குப் போனேன். ஆற்றின் நடுவே தீவாக நிற்கும் பகோடாவைப் பார்க்க வேண்டும். விடுதிக்காரர் பிடித்துக் கொடுத்த டாக்சி ஓட்டுநர் தமிழர், பெயர் கோ முருகன். 'கோ' என்பது அங்கே சம வயது ஆண்களுக்குப் போடும் மரியாதை. அவருடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவராம். வீடு தின்கன்ஜூனில். போக ஒன்றரை மணி நேரம், போய்வர எண்பதாயிரம் கியாட் என்று பேசினோம்.

தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு படகு, வெளிநாட்டாருக்குத் தனிப்படகு, தனிக்கட்டணம்.

"சயா, மூஞ்சி நம்ம மூஞ்சிதான். வாயத் தொறக்காம ஏறிருங்க," என்றார் கோ முருகன். சயா என்றால் வாத்தியார். படித்தவர் யாரைக் கண்டாலும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

படகுக்காரர் பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். எனக்குப் பழக்கதோஷம், 'சாரி?' என்றுவிட்டேன். தனிப்படகில் ஏற்றினார்கள்.

"பாஸ்போர்ட்ட நாக்குலயே வச்சிருக்கீங்க," என்று திரும்பும் வழியெல்லாம் சிரித்தார் கோ முருகன். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்டார். சொன்னேன். வண்டியின் வேகம் குறைந்தது.

"அமெரிக்கா சிட்டிசனா? அப்ப ஓட்டு இருக்கா உங்களுக்கு?"

"இருக்கிறது."

"நாளைக்கிக் காலைல ஏழரைக்கி ரெண்டு பேரும் டிவில நேருக்கு நேர் பேசுறாங்க. எங்க சுல்தான் பாய் கடையில பாக்குறோம். நீங்க வந்தே ஆகணும்."

எதிலிருந்து தப்பி ஓடி வந்தேனோ அது எனக்கு முன்பே வந்து கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. வரமாட்டேன் என்றேன். ஆனால் விடுதியில் காலை ஆறு மணிக்குக் காப்பி கிடையாது.

ஊ சுல்தானின் கடை விடுதியிலிருந்து நடந்து ஏழு நிமிடம். 'ஊ' என்பது பெரியவர்களுக்கான மரியாதை. அவர் குடும்பம் தொண்டிப் பக்கமிருந்து வியாபாரத்துக்கு வந்தது. அவருக்கு இப்போது எழுபது இருக்கும், டீப் பட்டறைக்கு முன்னால் அவர் மகள் மா ஃபரீதா நின்று டீ ஆற்றுகிறார். 'மா' பெண்களுக்குப் போடும் மரியாதை. முப்பத்தைந்து வயதிருக்கலாம். கடையில் இருபது பேர், குட்டை முக்காலிகள், சுவரில் தொலைக்காட்சி. தமிழும் பர்மியமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடின.

கடையில் ஒரு விதி. வேட்பாளர் பெயரைச் சொல்லக் கூடாது. கடைசித் தேர்தலின் கணக்கே செல்லாது என்று சொல்லி ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாடு அது; யார் பெயரையும், எந்த நாட்டுக்காரர் பெயரையும், உரக்கச் சொல்லி அரசியல் பேசாமலிருப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. திரையில் இடப்பக்கம் நிற்பவருக்கு ஆதரவென்றால் இனிப்பும் பாலும் தூக்கலான டீ, வலப்பக்கத்தாருக்கு ஆதரவென்றால் கசப்பும் திடமுமான டீ. இடையில் மனம் மாறினால் அடுத்த கோப்பையை மாற்றிச் சொல்லலாம். ஊ சுல்தான் சிலேட்டில் கோடு போட்டு வந்தார். ஒவ்வொரு மேசையிலும் வெறும் பச்சைத் தேநீர் குடுவை இலவசமாக வைத்திருப்பார்கள். நான் அதை ஊற்றிக் குடித்தேன்.

விவாதம் தொடங்கியதும் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். நான் தமிழில் சொல்ல, கோ முருகன் பர்மிய மொழியில் சொன்னார். என் இரண்டு வாக்கியம் அவரிடம் ஐந்து வாக்கியம் ஆனது.

"நீ என்ன சொந்தச் சரக்கு சேக்குற?" என்றார் ஊ சுல்தான்.

"பாய், அவரு வெறும் எலும்பத் தர்றாரு. நான் கொஞ்சம் சதை வைக்கிறேன்."

சிரிப்பு. ஒருவர் கசப்பிலிருந்து இனிப்புக்கு மாறினார். இன்னொருவர் மாறிவிட்டு, பக்கத்து ஆள் முறைத்ததும் பழையபடி கசப்பே கேட்டார். சிகாகோவில் இதே முகங்கள் என்றால் எழுந்து போயிருப்பேன். இங்கே யாரும் யாரையும் வெறுக்கவில்லை. ஓர் ஆசை மட்டும் இருந்தது. எட்டாத தூரத்தில் யாரோ சாப்பிடுவதைப் பார்ப்பது போல, அந்த இரண்டு பேர் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறுவதைப் பார்த்தார்கள். கேள்வி கேட்டவர் இடைமறித்து "நேரம் முடிந்துவிட்டது" என்றபோது கடையே கை தட்டியது.

"பாத்தியா, வாய மூடச் சொல்றாரு, அவரும் மூடுறாரு!" என்றார் ஒரு கிழவர்.

மா ஃபரீதா மட்டும் இன்னும் டீ குடிக்கவில்லை. "உனக்கு எது?" என்று அப்பா கேட்டார்.

"அந்தக் கேள்வி வரட்டும் வாப்பா."

எந்தக் கேள்வி என்பதைக் கோ முருகன் என் காதில் சொன்னார். ஃபரீதாவின் கணவர் ரஹீம் மூன்று ஆண்டுகளுக்கு முன் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போய், அங்கிருந்து அகதியாக அமெரிக்காவில் குடியமர்த்தப்பட்டவர். அயோவா மாநிலத்தில் ஒரு கோழியிறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஏன் போனார் என்று நான் கேட்கவில்லை, அங்கே யாரும் அதைக் கேட்பதில்லை. மனைவியை அழைத்துக்கொள்ள ரஹீம் போட்ட மனு இரண்டு கட்டம் தாண்டி மூன்றாவதில் நிற்கிறது. வரப்போகிற அதிபர் அகதிகளுக்குக் கதவைத் திறந்து வைப்பாரா, சாத்துவாரா? ஃபரீதாவுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

விளம்பர இடைவேளையில் ஊ சுல்தான் என்னிடம் திரும்பினார். "சயா பச்சத் தண்ணியவே குடிக்கிறாரு. ஓட்டு இருக்கிற ஆளு இந்தக் கடையில நீங்க ஒருத்தர்தான். யாருக்கு?"

"நான் போடுவதில்லை," என்றேன்.

கோ முருகன் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

விளக்கம் சொன்னேன். என் மாநிலம் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும், நான் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில்தான் சொல்லியிருப்பேன்.

"அப்ப உங்க ஓட்ட எண்ண மாட்டாங்களா?" என்றார் அந்தக் கிழவர்.

"எண்ணுவார்கள்."

"எண்ணிட்டு, அந்தக் கணக்க அப்படியே வச்சிருப்பாங்களா?"

"வைத்திருப்பார்கள்."

"அப்புறம் என்ன சயா கொறை?"

பச்சைத் தேநீரை இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டேன். ஊ சுல்தான் வாசலைப் பார்த்துவிட்டு, "மெதுவா," என்றார். யாரும் சத்தமாகப் பேசியிருக்கவில்லை.

எட்டு நாற்பத்து மூன்றுக்கு அந்தக் கேள்வி வந்தது. அகதிகளை என்ன செய்வீர்கள்? நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஃபரீதா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு முன்னால் வந்து நின்றார். வலப்பக்கத்தார் வாயைத் திறந்தார். மின்சாரம் போனது.

ஒன்பது மணிக்குப் போக வேண்டிய மின்சாரம் அது. நாலு பேர் பின்கட்டுக்கு ஓடி ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தார்கள். அது இருமியது, நின்றது, மறுபடி இருமியது. என் கைப்பேசியில் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெனரேட்டர் கிளம்பியபோது திரையில் இரண்டு பேரும் கையசைத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொல்லிருப்பாங்க சயா? நீங்க அந்த ஊருக்காரருதானே," என்றார் ஃபரீதா.

தெரியாது என்றேன். ஊகிக்க முடிந்தது.

ஒன்பது ஐந்துக்கு ரஹீம் அழைத்தார். அயோவாவில் அப்போது முந்தின நாள் இரவு ஒன்பது முப்பத்தைந்து. ஃபரீதா கடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பேசினார். பிறகு முகம் தெளிந்து, "நம்மள மாதிரி ஆளுங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலையாம்!" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "உங்க ஊரு ஆளுதான், பேசுங்க."

"சயா, பக்கத்துல அவ இருக்காளா?" என்றது அந்தக் குரல்.

"ஆமாம்."

"சிரிச்ச மாதிரி கேளுங்க. ஒருத்தரு மொத நாளே கதவைச் சாத்துவேன்னுட்டாரு. இன்னொருத்தரு பேச்ச மாத்திட்டாரு. இன்னிக்கி மட்டும் அவ நிம்மதியா இருக்கட்டும்."

நான் சிரித்த மாதிரி கேட்டேன். "சரிதானே சயா?" என்று ஃபரீதா கேட்டபோது, "சரிதான்," என்றேன். உள்ளதைச் சொல்லி மகளை இழந்தவன், இல்லாததைச் சொல்லி ஒரு கோப்பை டீ வாங்கிக் குடித்தேன். அது எந்தப் பக்கத்து டீ என்று எழுத மாட்டேன்.

கிளம்பும்போது ஃபரீதா என்னிடம் ஓட்டுக் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டார். "அவரு ஊரு ஒங்க ஊருக்குத் தூரமா? போன்ல மூஞ்ச மட்டும்தான் காட்டுறாரு. மெலிஞ்சிருக்காரான்னு ஒரு தடவ போய்ப் பாத்துச் சொல்றீங்களா?"

திரும்பி வந்தேன். நவம்பரில் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். புத்தாண்டு பிறந்து சில வாரங்களில் ஃபரீதாவின் மனு அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டது. எப்போது மறுபடி எடுப்பார்கள் என்று யாரும் எழுதவில்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அயோவாவுக்கு ஓட்டிப் போனேன். முந்நூற்றுப் பத்து மைல், ஐந்து மணி நேரம். ரஹீம் மீன் குழம்பு வைத்திருந்தார். தட்டில் எனக்கே எல்லாவற்றையும் போட்டார். மூன்று பேர் சேர்ந்திருக்கும் வீடு, நாளுக்குப் பத்து மணி நேரம் குளிர் அறையில் நின்று வேலை. கழற்றி மாட்டியிருந்த இடுப்பு பெல்ட்டில் அவராகக் குத்திய புதுத் துளைகள் மூன்று இருந்தன. "நல்லா இருக்காருன்னு சொல்லிருங்க சயா," என்றார். திரும்பும்போது நெடுஞ்சாலையிலிருந்து விலகிக் கயலின் தெரு வழியாக வந்தேன். அவளுடைய கார் வாசலில் நின்றது. வேகத்தைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. அந்த அளவுக்குத்தான் நான் மாறியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஃபரீதாவுக்கு எழுதினேன். இம்முறை உள்ளதை எழுதினேன்: மெலிந்துவிட்டார், நிறையவே. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் குரல் செய்தி வந்தது. பின்னால் டீ ஆற்றும் சத்தம். "அப்ப நான் போயே ஆகணும் சயா. எப்படி வரணும், எவ்வளவு நேரம் ஆகும், எல்லாம் எழுதி வையுங்க."

யாங்கோன் போகிறவர்களுக்கு என் குறிப்புகள்: மழைக்காலம் முடிந்து நவம்பருக்குப் பிறகு போங்கள். கசங்காத, கோடு விழாத புது டாலர் நோட்டுகளை மட்டும் எடுத்துப் போங்கள். மின்சார நேரத்தை விடுதியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அதை நம்பாதீர்கள். உள்ளூர் அரசியலைப் பற்றிக் கடையில் எதுவும் கேட்காதீர்கள், நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

இது எதிர்த்திசையில் வருகிறவருக்கு, அவர் கேட்டபடி: லான்மடாவிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கிளம்பவும். பாங்காக் ஒன்றேகால் மணி நேரம். அங்கே ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும், சால்வை எடுத்துக்கொள்ளவும், குளிரும். பாங்காக்கிலிருந்து டோக்கியோ ஆறு மணி நேரம், டோக்கியோவிலிருந்து சிகாகோ பன்னிரண்டு. சிகாகோவில் வெளியே வரும் வாசலில் நான் நிற்பேன். அங்கிருந்து அயோவாவுக்கு ஐந்து மணி நேரம், பாதி வழியில் பெட்ரோல் போடும் இடத்தில் டீ கிடைக்கும், நன்றாக இருக்காது. எல்லாம் சேர்த்து, டோக்கியோவில் மாறும் நேரமும் வரிசைகளும் உட்பட, வாசலிலிருந்து வாசலுக்கு, முப்பத்தாறு மணி நேரம். விசா கிடைக்க ஆகும் நாள்: தெரியவில்லை.