கட்டைவிரலை அறிந்த கன்ட்ரோலர்

பகல் முழுக்க அடுத்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்பது அவருடைய பிழைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம், விளக்கணைத்த ஒரு சின்ன அறை. நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கின்மேல் ஒரு சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல அதுவா?" என்று கேட்பார். "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு" என்று பாதிப் பேர் சொல்வார்கள். அந்தப் பதிலைத்தான் அவரால் தாங்கவே முடியாது. உலகத்தில் எந்த இரண்டும் ஒரே மாதிரி இருக்காது, ஒன்று உசத்தி, மற்றது குப்பை என்பது அவர் கட்சி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் அந்தக் கணக்கை நேர் செய்துவிடுவார். வீடியோ கேம் ஆடுகிறவர்கள் கூடுகிற ஒரு இணைய மன்றத்தில் அவருக்கு 'நடுவர்' என்று பேர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். பிறகு கிண்டல் செய்தவர்களே, புது கேம் எது வந்தாலும் நடுவர் என்ன சொல்கிறார் என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள். மனிதருக்கு அதற்கப்புறம் தலைகால் புரியவில்லை.

தீர்ப்பெல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஆட வந்தவனை உட்காரவைத்து அரைமணி நேரம் கதை அளக்கிற கேம்கள் உருப்படாது. வீரனுக்குத் தொப்பி வாங்கச் சொல்லிக் காசு கேட்பவை அதைவிட மோசம். கையில் பிடித்து ஆடுகிற கருவிக்கு வயர் இருந்தால்தான் அது கன்ட்ரோலர், வயர் இல்லாதது சோப்புக்கட்டி. வெப்காமிக் என்று இணையத்தில் வாராவாரம் வருகிற படக்கதைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. நாலு கட்டத்தில் சொல்ல முடியாத கதை கதையே இல்லையாம். "நாலு வார்த்தைல சொல்ல முடியாத அபிப்பிராயம்?" என்று மனைவி ஒருநாள் கேட்டார். அதற்கு நடுவர் நாற்பது நிமிடம் பதில் சொன்னார்.

அவர் எழுதியதிலேயே பேர் வாங்கியது ஒரு கட்டுரை. 'என் கட்டைவிரலை அறிந்த கன்ட்ரோலர்' என்று தலைப்பு. ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரை அவர் அக்காவோடு உட்கார்ந்து ஆடிய பழைய கேம் பெட்டியின் கன்ட்ரோலரைப் பற்றியது. அழுத்துவதற்கு முன்பே கேமில் வீரன் குதிப்பான், விரல் நினைத்தது அதற்குத் தெரியும், அதற்குப் பிறகு வந்த கம்பெனிக்காரர்கள் எல்லாரும் வெறும் பிளாஸ்டிக் விற்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் கன்ட்ரோலர் இன்னும் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. மனைவியின் நல்ல பீங்கான் கோப்பைகள் அதற்கு இடம்விட்டு சமையலறைக்குப் போய்விட்டன. கன்ட்ரோலரின் வயர் நுனியில் பெட்டியில் செருகுகிற முனை இல்லை. வீடு மாறியபோது அறுந்திருக்கும் என்பது அவர் நினைப்பு.

வாசகர்கள் எழுதி அனுப்புகிற சின்ன வயது நினைவுகளை முயல்களாக வரைகிற வெப்காமிக் ஒன்று உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் வரும். நடுவர் அதைத் தவறாமல் படிப்பார், தவறாமல் திட்டுவார். ஒரு சனிக்கிழமை வந்த கதையில் ஒரு அக்கா முயல், ஒரு தம்பி முயல். அக்கா, வேலை செய்யாத கன்ட்ரோலரைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுத் தானே ஆடுகிறது. தம்பி, தான்தான் ஆடுவதாக நினைத்துக்கொண்டு பட்டனைப் போட்டு அமுக்குகிறது. மூன்று வருஷம் இப்படியே போகிறது. நாலு கட்டம், அவ்வளவுதான்.

நடுவருக்குத் துளி சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? தன்னுடைய கன்ட்ரோலர் எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று ஊருக்கே எழுதியவர் அல்லவா. படத்துக்குக் கீழே உடனே கருத்து போட்டார்: 'மூன்று வருஷம் தெரியாமல் இருக்க அந்தத் தம்பி என்ன மரமண்டையா? அப்படியே ஒருத்தன் இருந்தாலும் அவனை விளையாட்டுப் பக்கமே விடக்கூடாது. அந்த அக்கா வடிகட்டிய சுயநலம். கூடப் பிறந்தவனை இப்படி ஏமாற்றுகிறவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வரவில்லை.' லைக்குகள் குவிந்தன. அவர் இரண்டு தோசைக்கரண்டி உயரம் வளர்ந்துவிட்ட மாதிரி வீட்டில் நடந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா வந்தார். பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருப்பவர். டாக்டர் கையை நீட்டுவதற்குள் வேண்டிய கருவி அந்தக் கையில் இருக்கும், கேட்கவே வேண்டியதில்லை. எப்போதும் வாசலிலேயே பேச ஆரம்பித்துவிடுகிறவர், அன்று சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் ஆரம்பித்தார்.

"நடுவர்ங்கறது நீதானே?" என்றார் கடைசியில்.

"ஆமாக்கா. என்ன, படிச்சியா?" அவருக்கு வாயெல்லாம் பல்.

"படிச்சேன். கன்ட்ரோலர் கட்டுரையப் பாத்துத்தான் நீன்னு தெரிஞ்சுது. வடிகட்டின சுயநலம்னு எழுதியிருக்க."

"அந்த முயலையா? பின்ன என்னக்கா, ஒரு சின்னப் பையனப் போயி..."

"அந்தக் கதைய அனுப்பினது நான்தான்டா."

நடுவர் நடுவர்தான், சும்மா விடுவாரா? அலமாரியைத் திறந்து கன்ட்ரோலரை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

"இது வேலை செஞ்சுதுக்கா. நான் அமுக்கினா வீரன் குதிச்சான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"வயரோட முனை எங்க?"

"வீடு மாறும்போது அறுந்துபோச்சு."

"நீ தோத்த கோவத்துல சுவத்துல அடிச்சியே, அப்பவே போச்சு. அஞ்சு வயசு உனக்கு. அப்பா புதுசு ஒண்ணு வாங்கி என் கையில குடுத்து, இத அவன் தொட்டான்னா பெட்டியவே தூக்கி யாருக்காவது குடுத்துடுவேன்னாரு. நீயானா, ஆடணும்னு தரையில உருண்டு அழற. நான் என்ன பண்ணட்டும்? இந்த வயர மேஜைக்குப் பின்னால விட்டுட்டு, ஓடறது குதிக்கறதெல்லாம் உன்னுது, என்னுது ஆரம்பிச்சு வைக்க மட்டும்தான்னு சொன்னேன். நம்பிட்ட."

"அதெப்படிக்கா, நான் அமுக்கறப்ப சரியா..."

"உன் கையப் பாத்துக்கிட்டுத்தான் ஆடினேன். நீ எத அமுக்கறியோ நானும் அத அமுக்குவேன். கொஞ்ச நாள்ல நீ அமுக்கப் போறது முன்னாடியே தெரிஞ்சுது. கட்டைவிரல் லேசா தூக்கும்." அக்கா தன் விரலைத் தூக்கிக் காட்டினார். "இதையும் சேத்துத்தான் எழுதி அனுப்பினேன். நாலு கட்டத்துல அடங்கலன்னு வரையறவங்க விட்டுட்டாங்க."

சமையலறை வாசலில் நின்ற மனைவி, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல், "அண்ணி, காபி போடட்டுமா?" என்றார்.

"போடும்மா." அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏமாத்தினேன்தான், இல்லங்கல. ஆனா அத நெனச்சு நான் எத்தன தடவ சந்தோஷப்பட்டிருக்கேன் தெரியுமா? அதான் அனுப்பினேன். இப்ப அத்தன பேரும் உன்னோட சேந்து என்னத் திட்டறாங்க."

நடுவர் ஃபோனை எடுத்து அக்காவின் கண்ணெதிரிலேயே அந்தப் படத்துக்குக் கீழே எழுதினார்: 'அந்த மரமண்டை நான்தான். அந்த அக்கா என் அக்கா. சொன்னதெல்லாம் தப்பு.' காபி ஆறுவதற்குள் பதில்கள் வந்துவிட்டன. நம்புகிற மாதிரி கதை விடுங்கள் நடுவரே என்றார் ஒருவர். லைக்குக்காக இப்படியெல்லாமா இறங்குவது என்றார் இன்னொருவர். பத்து வருஷத்தில் அவர் சொன்ன ஒரே உண்மையை ஒருத்தரும் ஏற்கவில்லை.

"விடுடா" என்றார் அக்கா. அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்த கேம்ல மூணாவது லெவல்ல ஒரு ஒடஞ்ச பாலம் வருமே. அதத் தாண்டினா என்ன இருக்கும்?"

"ஏன், நீ பாத்ததில்லையா?"

"எங்க பாக்கறது? நீ எப்பவும் அங்கதான் விழுவ. நீ விழுந்தா நானும் விழணும்ல."

"நான் இல்லாதப்ப நீ தனியா ஆடியிருக்கலாமே."

"எப்ப? நீ தூங்கினதும் அம்மா டிவிய அணைச்சிடுவாங்க. அப்புறம் பெட்டியவும் வித்தாச்சு. நீ அதப் பத்தி இருபது தடவ எழுதியிருக்க, கடைசி லெவல் சரியில்ல, முடிவு சப்புன்னு இருக்கும்னு. அதான் கேக்கறேன். என்ன இருக்கும்?"

நடுவர் காபிக் கோப்பைக்குள் பார்த்தார். அந்தப் பாலத்தை அவரும் தாண்டியதில்லை. சப்பென்று இருக்கும் என்று யாரோ எழுதியதைப் படித்து, இன்னும் காரமாக எழுதியதுதான்.

"தெரியாதுக்கா" என்றார்.

மனைவி கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளாக இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

பழைய கேம்களை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே ஆடலாம். நடுவர் தேடி எடுத்து டிவியில் ஓடவிட்டார். தன்னிடம் இருந்ததிலேயே நல்ல கன்ட்ரோலரை அக்கா கையில் கொடுத்துவிட்டு, தான் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் இரண்டு லெவல்களை அக்கா அநாயாசமாகக் கடந்தார். என்ன கை அது! அவர் இத்தனை வருஷமாகத் தலையில் தூக்கிவைத்து ஆடிய எந்த ஆட்டக்காரனிடமும் அப்படி ஒரு கையை அவர் பார்த்ததில்லை.

பாலம் வந்தது. வீரன் ஓடி வந்தான். குதிக்க வேண்டிய இடத்தில் அக்காவின் விரல் ஒரு நொடி தயங்கி, ஐந்து வயதுப் பையன் அமுக்குகிற மாதிரி தாமதமாக அமுக்கியது. வீரன் குழிக்குள் போனான்.

"பாரேன், உன்ன மாதிரியே விழறேன்" என்று அக்கா சிரித்தார்.

மறுபடி ஆடினார், மறுபடி அதே இடம், அதே தாமதம். நடுவருக்குக் கண் கலங்கிவிட்டது. எப்போது குதிக்க வேண்டும் என்று பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது, சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"இன்னொரு தடவ ஆடுக்கா" என்றார்.