சிவனேஸ்வரி புருசனை மலையில் ஏசிய கதை

சிவனேஸ்வரி பருத்தித்துறைக்காரி. அந்த ஊரில் உயரமான இடம் என்றால் கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடுதான். அப்படிப்பட்டவள் 1976 தை மாதம், அவுஸ்திரேலியாவில் டண்டினொங் ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலைசெய்யும் நேர்ஸ்மாரோடு, விக்ரோறியாவின் மலைமேட்டில் குடிலுக்குக் குடில் நடக்கப் போவதாகச் சொன்னாள்.

புருசன் யோகேஸ்வரன் எஞ்சினியர். சிரித்தான்.

"மாடு மேய்க்கிறவன் படுக்கிற தகரக் குடிலில நீர் போய்ப் படுக்கிறதோ?"

"ஓம். அங்க சனமில்லையாம்."

ஞாயிறு தோறும் அவர்கள் வீட்டில் ஊர்ச்சனம் கூடி, கோயில் கட்டுவது பற்றிப் பேசிச் சாப்பிட்டுவிட்டுப் போகும். கோயில் எழும்பவில்லை, அவள் கழுவவேண்டிய கோப்பைகள்தான் கோபுரமாக எழும்பின.

மனிசியைத் தனியே விட்டால் அந்தச் சனம் கதைக்கும் என்று யோகேஸ்வரனும் கிளம்பினான். கம்பளிச் சட்டை கடிக்கிறது என்று பருத்திச் சேட்டைப் போட்டுக்கொண்டான். கூட்டிப்போன நெவில் என்ற தாடிக்காரத் தபால்காரர் அதைப் பார்த்து, நனைந்தால் பருத்தியில் சூடு நிற்காதே என்று முகம் சுளித்தார்.

முதல் நாள் முழுக்க யோகேஸ்வரன் முறைப்பாடு சொன்னபடியே நடந்தான். இரண்டாம் நாள் மரங்கள் முடிந்து வெறும் புல்மேடு வந்தது. மத்தியானம் முகில் இறங்கி, நடுக் கோடையில் பனிமழை கொட்டியது. குளிர்காலத்துக்கு நட்டுவைத்த வழிக்கம்பங்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. யோகேஸ்வரன் ஒரு கல்லில் குந்திவிட்டான்.

"முருகன் ஏன் மலையில இருக்கிறார் எண்டு இப்ப விளங்குது. ஒருத்தரும் வந்து ஆக்கினை குடுக்கமாட்டினம். என்னை விட்டுட்டுப் போங்கோ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவனுடைய நடுக்கம் நின்றிருந்தது. நாக்குக் குழறியது. "வேர்க்குது" என்று சேட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான். குளிர் உள்ளே இறங்கினால் மனிதர் இப்படித்தான் போவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

தன் கம்பளிச் சட்டையை அவனுக்கு மாட்டி, கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"எழும்படா, எருமை."

அந்த அதிர்ச்சியிலேயே அவன் எழும்பிவிட்டான். அவள் விடவில்லை. அவனுடைய பட்டம், பரம்பரை, பெற்ற தாய், சீதனம் கேட்ட வாய் எல்லாவற்றையும் கம்பத்துக்குக் கம்பம் ஏசி, அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். என்ன சொல்கிறாள் என்று நெவில் கேட்டார்.

"பிரார்த்தனை" என்றாள். நெவில் பயபக்தியோடு தொப்பியைக் கழற்றினார்.

குடிலில் எல்லோருக்கும் முன்னால் அவனுடைய ஈர உடுப்பை உரிந்து, படுக்கைப் பைகளைப் பிரித்து விரித்து, நெவிலுக்கும் கூட நடந்துவந்த இன்னொரு தடித்த வெள்ளைக்காரனுக்கும் நடுவில் படுக்கவைத்தாள். சீனி கூடப் போட்ட தேத்தண்ணியைக் கரண்டியால் பருக்கினாள். கனநேரத்துக்குப் பிறகு அவன் உடம்பு மறுபடி நடுங்கத் தொடங்கியது; இனிப் பிழைத்துக்கொள்வான். அப்போதுதான் அவள் வெளியே விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் அழுதாள்.

காலையில் நெவிலின் தாடியில் கண்விழித்த யோகேஸ்வரன் மெதுவாகக் கேட்டான்.

"நீர் என்னை 'டா' போட்டனீரோ?"

"ஓம்."

"ஆக்களுக்கு முன்னாலயோ?"

"அவைக்குத் தமிழ் விளங்காது."

அவன் படுக்கைப் பையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். "இன்னும் தேத்தண்ணி இருக்குதோ?"

அந்த வழியாக வந்த மாட்டுக்காரர் ஒருவர் அவனைத் தன் குதிரையில் ஏற்றிக் கீழே கூட்டிப்போனார். அவளும் இறங்குவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் சப்பாத்தை இறுக்கிக்கொண்டு மற்றவர்களோடு மேலே நடந்தாள்.

மலைமுகட்டில் வெயில் எறித்தது. சிவனேஸ்வரி ஒரு பாறையில் இருந்து தகரத்தில் அடைத்த மீன் ரின்னை உடைத்துக் கையாலேயே சாப்பிட்டாள். புருசனை நினைத்துக் கவலைப்பட வேண்டுமென்று முயன்று பார்த்தாள், கவலை வரவில்லை. இன்னொரு ரின்னை உடைத்தாள்.