கிருஷாந்தியின் மேசை

பிரதாப் ஹட்டன்–மஸ்கெலியா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கொரோனாவில் பஸ் ஓடாமல் வீட்டில் அடைந்து கிடந்தபோது, பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டித் தன் பஸ்ஸைப் போலவே ஒரு சின்ன பஸ் செய்தான். ஜன்னல் கம்பி, முன்கண்ணாடியில் தொங்கும் பிளாஸ்டிக் மாலை எல்லாம் அச்சாக வந்திருந்தன. தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையே வந்து பார்த்து அசந்து போனது. யாரோ படம் பிடித்து பேஸ்புக்கில் போட, அன்றைக்கே அவனுக்குப் பித்துப் பிடித்தது.

அடுத்து ரயில். பிறகு தேயிலை பெக்டரி, கோயில் தேர், விமானம். கடலையே சரியாகப் பார்த்திராதவன் கப்பலும் ஆரம்பித்தான். யாராவது "இத செய்வியா?" என்றால் போதும், கையிலிருப்பதைப் பாதியில் விட்டுவிட்டு அதற்குத் தாவுவான். முதலில் அலுமாரியின் மேல்தட்டு நிறைந்தது. பிறகு ஜன்னலோரம். கடைசியில் மகள் கிருஷாந்தியின் மேசை.

"ரெண்டு நாளைக்குத்தான் புள்ள, பசை காயட்டும்" என்று கப்பலை வைத்தான். வைத்தது வைத்தபடியே இருந்தது. அவள் கட்டிலில் குப்புறப் படுத்து எழுதப் பழகிக்கொண்டாள். கொழுந்து பறித்துக் களைத்து வரும் மனைவி பிரியந்தி இரண்டொரு தடவை முணுமுணுத்தாள். அவன் சிரித்து மழுப்பினான்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பிரியந்திக்கு வேலை, கிருஷாந்தியோடு அவன் போனான்.

"புள்ள கழுத்த புடிச்சிக்கிட்டே இருக்கா. படுத்துக்கிட்டு எழுதுறாளாம்" என்றார் டீச்சர். "வீட்டுல மேசை இல்லீங்களா? இல்லாட்டி சொல்லுங்க, இங்க பழசு ஒண்ணு கெடக்கு."

அவன் வாயைத் திறக்குமுன் கிருஷாந்தி முந்திக்கொண்டாள். "மேசைக்கால் ஒடைஞ்சிருச்சி டீச்சர். அப்பா ஆணி அடிச்சித் தர்றேன்னாரு."

அவள் குரலில் தடுமாற்றமே இல்லை. அவனைக் காப்பாற்ற அவள் முன்பே யோசித்து வைத்திருந்த பொய் அது. "ஆமாங்க டீச்சர்" என்று அவனும் தலையாட்டினான். வழியெல்லாம் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தான். ரயிலுக்குச் சக்கரமில்லை, பெக்டரிக்குக் கூரையில்லை, விமானத்துக்கு ஒற்றை இறக்கை. முழுதாக முடிந்திருந்தது அந்த முதல் பஸ் மட்டுந்தான். மற்றதெல்லாம் அடுத்தவர் வாயிலிருந்து வரும் பாராட்டுக்காகத் தொடங்கியவை.

கப்பலை முதலில் பிரித்தான்.

"எல்லாத்தையுமா ஒடைக்கிறீங்க?" என்றாள் பிரியந்தி.

"இனி பஸ் மட்டுந்தான். ஒண்ண முடிச்சிட்டுத்தான் அடுத்தது. அலுமாரி மேல எடம் இருக்குற அளவுக்குப் போதும்."

"இதத்தான நானும் சொன்னேன். அப்ப காதுல விழலயே?"

அவன் பசைக்கறையைப் பிளேடால் சுரண்டி, மேசையைத் துடைத்து மகளைக் கூப்பிட்டான். அவள் புத்தகங்களை ஓர் ஓரமாக அடுக்கினாள். "ஒங்களுக்கு மேசை வேணுமுன்னா சொல்லுங்கப்பா, புத்தகத்த எடுத்துக்கிறேன்" என்றாள். அதுதான் அவனை அதிகமாகச் சுட்டது.

அடுத்த வாரம் டீச்சர் அவன் பஸ்ஸில் ஏறினார். "மேசைக்கு ஆணி அடிச்சிட்டீங்களா?"

பஸ் நிறையச் சனம். ஆமாம் என்றால் முடிந்துவிடும்.

"மேசை ஒடையவே இல்லீங்க டீச்சர்" என்றான் பிரதாப். "அதுல என் வெளையாட்டுச் சாமான்தான் இருந்திச்சி. புள்ள எனக்காகப் பொய் சொன்னா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அவரிடம் காசு வாங்கவும் மறந்து, பிரதாப் மிதிபலகைக்கு நகர்ந்து வெளியே பார்த்தபடி நின்றான்.