பதினோராம் இடம்

பத்து வயதுவரைக்கும் எங்கள் அப்பாவுக்கு மேலுதடு உண்டென்றே நான் நினைத்ததில்லை. மூக்குக்குக் கீழே மீசை, மீசைக்குக் கீழே வெற்றிலைச் சிவப்பில் ஒரு கோடு. அவ்வளவுதான் அப்பாவின் வாய். மலேசியாவில், லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அவர். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது அவர் அதட்டவே வேண்டாம், மீசையை ஒரு தடவு தடவினால் போதும் என்று சித்தப்பா சொல்வார். சித்தப்பா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்சி.

அந்த மீசை போனதற்குக் காரணம் நான். இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் தோட்டத்து ஆண்களுக்குக் காற்பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். நாட்டின் முதல் பிரிவில் அப்போது பன்னிரண்டு அணிகள் ஆடின, கடைசியாக வரும் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். ஆட்டங்கள் தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, எந்த அணி எந்த இடத்தில் முடிக்கும் என்று ஒவ்வொருவரும் ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையில் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். எல்லா உறைகளும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும். டின் மாரியம்மன் கோயிலுக்குப் போய் அம்மன் காலடியில் உட்காரும். அங்கே இருந்தால்தான் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள் என்று அப்படி ஓர் ஏற்பாடு. கடைசி ஆட்டம் முடிந்ததும் டின்னைத் திறந்து, தோட்டத்து அலுவலகக் கணக்கரான கிராணி சத்தமாகப் படிப்பார். அதிக இடங்களைச் சரியாகச் சொன்னவருக்கு, தோட்டத்து மண்டபத்தில் டிவிக்கு நேர் எதிரே இருக்கும் பிரம்பு நாற்காலி ஒரு வருடத்துக்குச் சொந்தம். எல்லோரையும்விடக் குறைவாகச் சொன்னவர் அங்கேயே மீசையை எடுத்துவிட வேண்டும். கிராணிக்கு மீசை கிடையாது. அதனால்தான் அவர் நடுவர்.

சித்தப்பா இரண்டு முறை மீசையைப் பறிகொடுத்தவர். கனவில் வந்த வரிசை என்று எதையாவது எழுதுவார். அப்பா அப்படியில்லை. செம்பனை மரத்தின் அடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை எண்ணியே மேலே குலை பழுத்துவிட்டதா என்று சொல்கிறவர் அவர். ஒவ்வோர் அணியிலும் யார் காலில் அடி, யார் போய்விட்டார், பயிற்றுநருக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஒத்துப்போகிறதா என்று உதிர்ந்ததையெல்லாம் பார்த்துத்தான் வரிசை போடுவார். மூன்றாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்பதால் அவர் ஓரளவு படிப்பார், எழுதத்தான் வராது, கையெழுத்து மட்டும் போடுவார். அந்த வருடம் அவர் சொல்லச் சொல்ல எழுதும் பெருமை எனக்குக் கிடைத்தது.

தெற்கத்தி அணி முதலிடம், கிழக்குக் கரை அணி இரண்டாமிடம் என்று வரிசையாக வந்தது. பத்துவரை என் பென்சில் ஓடியது.

“பதினொண்ணு, நம்ம ஆளுங்க” என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நம்மளயாப்பா?”

“ஆமா லா. தப்பிச்சி நின்னாலே பெரிசு. எழுது பாப்பா.”

எனக்கு ஏன் அப்படி அதிர்ந்தது என்று சொல்ல வேண்டும். அம்மன் காலடியில் வைக்கிற தாள் என்றால் வேண்டுதல் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. பரீட்சைக்கு முன்னால் எங்கள் பென்சில்களை அங்கே வைத்தோம். அக்கம்பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையும் வேலைக்கு எழுதிய மனுவும் அங்கே போய்த்தான் வெளியே கிளம்பின. அப்படிப்பட்ட காலடியில், எங்கள் சொந்த மாநில அணியைப் பதினோராம் இடத்துக்குத் தள்ளு தாயே என்று அப்பா ஒரு சீசன் முழுவதும் வேண்டிக்கொள்ளப் போகிறார். பெற்ற அப்பாவே இப்படிச் செய்வாரா என்று எனக்கு அழுகை வந்தது.

அவர் சொன்னபடியே பன்னிரண்டையும் எழுதி முடித்துவிட்டு, நல்ல தாளில் திருத்தமாக எழுதித் தருகிறேன் என்று உள்ளே போனேன். எங்கள் அணியை முதலிடத்தில் எழுதினேன். மற்றவர்களை அப்பா சொன்ன அதே வரிசையில் அதன் கீழே எழுதினேன். ஒரே ஓர் அணியைத்தானே மாற்றினேன், மற்ற பதினொன்றையும் தொடவில்லையே என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். அப்பா அந்தத் தாளை வாங்கி, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று மெச்சி, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அம்மன் என் வேண்டுதலைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எங்கள் அணி சொந்தத் திடலிலும் தோற்றது, போன ஊரிலும் தோற்றது. மண்டபத்தில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா மட்டும் தலையை மெல்ல ஆட்டுவார். அவர் முகத்தில் வருத்தமும் இருந்தது, ஒரு சின்ன திருப்தியும் இருந்தது. கடைசி ஆட்டம் முடிந்தபோது எங்கள் அணி இரண்டாம் பிரிவுக்கு விழாமல், நூலிழையில் பதினோராம் இடத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. அப்பா எழுந்து போய்ப் பிரம்பு நாற்காலியின் கையை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

டின் திறந்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பெண்களும் பிள்ளைகளும் வாசல் பக்கம் நின்றோம். கிராணி ஒவ்வொரு தாளாகப் படித்தார். ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்கு நான்கு. கனவு கண்ட சித்தப்பாவுக்கே இரண்டு. கடைசியில் அப்பாவின் தாள் வந்தது.

“ஒண்ணு, நம்ம அணி” என்று படித்த கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்பா பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

கிராணி படித்துக்கொண்டே போனார். இரண்டு, தப்பு. மூன்று, தப்பு. நான்கு, தப்பு. பன்னிரண்டாவது மட்டும் சரி. “என்னா மண்டோரே இது? பாதிக்குமேல ஒரு படி கீழ தள்ளித் தள்ளிச் சொல்லியிருக்கீங்க! ஒண்ணுதான் லா!”

மண்டபம் சிரித்தது. ஓர் அணியை உச்சியில் கொண்டுபோய் வைத்தால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஒரு படி இறங்கும் என்பது எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. அப்பா தாளைக் கையில் வாங்கினார். என் எழுத்தைப் பார்த்தார். தலையைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“நான் சொன்னதுதான்” என்றது அப்பாவின் குரல்.

அதற்குமேல் நடந்தது இன்னும் விசித்திரம். யார் தோற்றாலும் முதலில் கத்தியைத் தீட்டுகிற சித்தப்பா, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, வேணாண்ணே. இந்த வருசம் யாருக்கும் இல்லன்னு வெச்சிக்குவோம் லா.” அவர் குரலில் கேலியே இல்லை. அம்மா என் பக்கத்தில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேச்சென்றால் பேச்சு, எடு கத்தியை என்றார்.

மீசை போனதும் அப்பா நிமிர்ந்தார். மேலுதட்டிலிருந்து மூக்குத் துவாரம்வரை ஒரு தடித்த தழும்பு கோணலாக ஏறியிருந்தது. உதடு அந்த இடத்தில் மேலே சுருண்டு, ஒரு பல் தெரிந்தது. பிறக்கும்போதே பிளந்திருந்த உதடு. எப்போதோ யாரோ அவசரமாகத் தைத்து விட்டது. சுவா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தபோதே அவர் மீசையோடுதான் வந்தார். அம்மாவையும் சித்தப்பாவையும் தவிர இங்கே ஒருவருக்கும் அது தெரியாது.

சிரிப்பு நின்றுபோனது. கிராணி தரையைப் பார்த்தார். நான் அலறினேன். யாரோ ஓர் அன்னியர் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது போலிருந்தது. என் அலறலைக் கேட்டதும் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கை போன வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது.

அதன்பிறகு பல வாரங்கள் அப்பா துண்டோடுதான் ஆட்களைப் பேர் கூப்பிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். மண்டபத்துப் பக்கமே போகவில்லை. நான் அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏற மாட்டேன் என்று நடந்தே பள்ளிக்குப் போனேன். அந்தத் தாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவர்களுக்கு ஞாபக மறதி அதிகம், பாவம், தான் சொன்ன வரிசையையே அப்பா மறந்துவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். பிழைத்தோம் என்று நிம்மதியாகவும் இருந்தது.

முதலில் எழுதிய தாள் என் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு ஒருநாள் எடுத்து எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டில் பத்து சரி. எங்கள் தோட்டத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் பத்தின் பக்கமே போனதில்லை. வெகுநேரம் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதெல்லாம் பிறகு.

அடுத்த சீசன் வந்தபோது அப்பாவுக்கு மீசை திரும்ப வளர்ந்திருந்தது. தழும்பு இருந்த இடத்தில் மட்டும் முடி கொஞ்சம் விலகி நின்றது. எங்கள் அணியில் கோல் போடத் தெரிந்த இருவரும் வேறு மாநிலங்களுக்குப் போயிருந்தார்கள். இந்தமுறை கடைசி இடம் நிச்சயம் என்று சித்தப்பாவின் கனவிலேயே வந்துவிட்டதாம். அப்பா வழக்கம்போல ஒரு வாரம் உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை என்னைத்தான் கூப்பிட்டார். அம்மா வேண்டாம் என்பது போல ஏதோ முனகினார். அப்பா கேட்கவில்லை.

நான் பென்சிலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா என் முகத்தையும் பென்சிலையும் கொஞ்சநேரம் பார்த்தார். விரல் தானாக மீசைக்குப் போய், ஒரு தடவு தடவி இறங்கியது.

“ஒண்ணு, நம்ம ஆளுங்க” என்றார்.

“நெஜமாவாப்பா?”

“ஆமா லா பாப்பா. எழுது.”

எழுதினேன். மற்ற பதினொன்றையும் அவர் சொன்னபடியே எழுதினேன். இந்தமுறை எதையும் மாற்ற வேண்டிய வேலையே இல்லை. அப்பா இந்தமுறையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஒரு வழியாக அப்பாவுக்குக் காற்பந்து புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே, உறையை எடுத்துக்கொண்டு நான் கோயிலுக்கு ஓடினேன்.